கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டோடு யார் இருப்பது?

கடைசித்தங்கை

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். இன்றுதான் எழுதும் துணிவு வந்தது.

என் அக்காவின் கணவர் ராணுவத்தில் இருந்தார். சண்டையில் இறந்து இரண்டு வருஷம் எட்டு மாசம் ஆகிறது. முதல் மாதம் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து அழுதார்கள். "உன் பொண்ணு இனி எங்க பொண்ணும்மா" என்று எத்தனையோ பேர் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது போனை எடுப்பதில்லை. கோபம் இல்லை, அவரவருக்கு அவரவர் பாடு.

அக்கா வேலைக்குப் போகிறாள், வருகிறாள். யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்". ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருப்பாள். அத்தானின் இரும்புப் பெட்டி யூனிட்டிலிருந்து வந்தது வந்தபடியே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பூட்டின் மேல் ஒட்டிய சீலைக்கூடப் பிரிக்கவில்லை. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவாள், ஒரு நாளும் நகர்த்தியதில்லை.

போன வாரம் அவள் மகள் (ஆறு வயது) என்னிடம் கேட்டாள்: "சித்தி, அப்பாவுக்கு வலிச்சுதா?" நான் "இல்லடா கண்ணு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெட்டியைத் திறக்கச் சொல்லலாமா? குழந்தைக்கு என்ன சொல்வது? "ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னுமா" என்கிறவர்களுக்கு என்ன பதில்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைமுகடு

தங்கை, எனக்குப் பதினோரு வருஷம். நீ எழுதியதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வருஷம்தான் கொடுமை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. முதல் வருஷம் உடம்பு மரத்துப்போய் இருக்கும். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுவோம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்போம். இரண்டாவது வருஷம் மரப்பு விட்டுப் போகும்போது சுற்றி ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனக்கு இன்னொன்றும் இருந்தது. அவர் வருஷத்தில் பத்து மாசம் வெளியேதான் இருப்பார். அவர் இல்லாத வீடு எனக்குப் பழகிய வீடு. அதனால் மனசு ரொம்ப நாள் "டியூட்டியில்தான் இருக்கார், லீவுக்கு வருவார்" என்றே நம்பிக்கொண்டிருந்தது. அடுத்த லீவும் அதற்கடுத்த லீவும் போன பிறகுதான் அவர் இறந்தது எனக்கு உறைத்தது. எல்லோரும் அழுது முடித்தபோது நான் அழ ஆரம்பித்தேன். உன் அக்காவுக்கும் அப்படி இருக்கலாம்.

பெட்டியைப் பற்றி. நான் என்னுடையதை மூன்றரை வருஷம் கழித்துத் திறந்தேன். மேலே ஒரு பட்டியல் இருந்தது, யாரோ நீல மையில் ஒவ்வொன்றாக டிக் அடித்திருந்தார்கள். சட்டை 4. பெல்ட் 1. கண்ணாடி 1. சோப்பு பாதி. அந்த "பாதி" என்ற வார்த்தையில் என் விரல் நின்றுவிட்டது. ஒரு மனிதர் அதையும் விடாமல் எழுதி, காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார். அடியில் ஒரு சின்ன அலாரம் கடிகாரம், நாலரைக்கு வைத்தபடி. பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டேன். மீதியைத் திறக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இதையெல்லாம் முதல் வருஷமே யாராவது வற்புறுத்திச் செய்ய வைத்திருந்தால் நான் அவர்களை மன்னித்திருக்க மாட்டேன். திறக்கச் சொல்லாதே. "அக்கா, எப்போ திறக்கணும்னு தோணுதோ அப்போ கூப்பிடு, நான் பக்கத்து ரூம்ல இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லி விட்டுவிடு.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதையும் நிறுத்து. துக்கத்தில் இருக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை. என்னைக் காப்பாற்றியது அவருடன் பணியாற்றிய ஒருவரின் மனைவி. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, நாலு வருஷம் வந்தாள். ஆறுதல் சொல்லி எனக்கு நினைவில்லை. வருவாள், கோப்பைத் திறப்பாள், "இந்தப் படிவம் இன்னும் போகலை, இங்க கையெழுத்து" என்பாள், போய்விடுவாள். சில நாள் நான் அறையை விட்டு வெளியே வரமாட்டேன். அப்போதும் தனியாக உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிவிட்டுப் போவாள். அவள் வரும் சனிக்கிழமையை வைத்துத்தான் நான் மாதங்களை எண்ணினேன்.

நடைமுறைவாதி

மனம் புண்படச் சொல்லவில்லை. முதலில் காகித வேலை முடிந்ததா என்று பாருங்கள். ஓய்வூதியம், காப்பீடு, வங்கிக் கணக்கு, நாமினி யார் பெயரில், குழந்தையின் படிப்புக்கு என்ன உரிமை இருக்கிறது. பல உதவிகளுக்குக் காலக்கெடு உண்டு. துக்கத்தில் இருக்கும் வீட்டில் கெடு தாண்டிப் போவது சர்வ சாதாரணம். இறப்புச் சான்றிதழின் பிரதிகளை நிறைய எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். எந்த அலுவலகத்தில், என்றைக்கு, யாரிடம் பேசினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதன் பிறகு, அக்காவுக்கு வயது இருக்கிறது. பெட்டி, படம் என்று நினைவுகளோடு கட்டிப்போட்டால் அவர் எப்படி வெளியே வருவார்? ஒரு கட்டத்தில் விட்டுத்தானே ஆக வேண்டும்?

மலைமுகடு

காகிதம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பணம் வந்த பிறகுதான் பல வீடுகளில் மாமியாரும் மருமகளும் பேசாமல் போகிறார்கள். மகனை இழந்தவள் ஒரு பக்கம், கணவனை இழந்தவள் ஒரு பக்கம், நடுவில் ஒரு தொகை. யாருக்கு எவ்வளவு என்பதை மூன்றாம் மனிதர் ஒருவரை வைத்து ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யவில்லை. என் மகன் அவன் பாட்டியைப் பார்க்காமல் ஐந்து வருஷம் வளர்ந்தான். அந்த ஐந்து வருஷத்தை எந்தத் தொகையாலும் திருப்பி வாங்க முடியவில்லை.

"விட்டுத்தானே ஆக வேண்டும்" என்பதற்கு மட்டும் என்னால் தலையாட்ட முடியாது, ஐயா. நான் நான்கு வருஷம் முன்பு மறுமணம் செய்துகொண்டேன். அவருடைய படம் இப்போதும் அதே சுவரில்தான் இருக்கிறது. படத்தை மாட்ட ஆணி அடித்ததே இப்போது என் கணவராக இருப்பவர்தான்.

உளநல_ஊழியர்

பதினேழு ஆண்டுகளாகத் துயர ஆலோசனையில் இருக்கிறேன். மலைமுகடு அம்மா அனுபவத்தில் சொன்னதை ஆய்வுகளும் சொல்கின்றன என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

துக்கம் ஐந்து படிகளில் நகர்ந்து "ஏற்றுக்கொள்ளல்" என்ற இடத்தில் முடியும் என்ற எண்ணம் 1969இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் எழுதியதிலிருந்து பரவியது. அவர் பேசியது பெரும்பாலும் சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம். பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு அது கால அட்டவணை ஆகாது. 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் மூவரும், இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துபோகத் தேவையில்லை, வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பு என்று எழுதினார்கள். 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் சொன்னது இன்னும் பயனுள்ளது: துயரப்படுகிறவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் அன்றாட வேலையின் பக்கம் வருவார். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். காலையில் சிரித்து வேலைக்குப் போகும் அக்கா பொய் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் அக்காவும் பொய்யில்லை.

எப்போது மருத்துவ உதவி தேவை? நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இப்போது முறைப்படி அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. ஏக்கம் நாள் முழுக்க ஆளைப் பிடித்துக்கொண்டு, வேலை, குழந்தை, உறவு எதுவும் ஓடாமல் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிற, குழந்தையைக் கவனிக்கிற உங்கள் அக்கா திறக்காத ஒரு பெட்டியை வைத்திருப்பது நோயல்ல. தூக்கத்தைப் பற்றி மட்டும் மெதுவாகக் கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எப்போதாவது வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

குழந்தைக்கு: ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு, செத்தவர் திரும்ப மாட்டார் என்பது விளங்கத் தொடங்கும். "தூங்குகிறார்", "தூரத்தில் இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். "வலிச்சுதா" என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பிறகு "நீ ஏன்மா அதை யோசிச்ச?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அடியில் வேறு கேள்வி இருக்கும். இதே குழந்தை பத்து வயதில் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பாள். அந்தந்த வயதின் அறிவோடு அப்பாவை மறுபடி இழப்பாள். அப்போதும் யாராவது இருக்க வேண்டும்.

பெற்றவள்

என் மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் மனைவி என்று ஒருத்தி இல்லை, பிள்ளை இல்லை. விழாக்களில் "வீரனைப் பெற்ற தாய்" என்று முன் வரிசையில் உட்கார வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் அறை.

எங்கோ படித்தேன். முதல் உலகப் போரில் செத்தவர்களுக்குக் கல்லறை கட்ட 1917இல் பிரிட்டன் ஒரு ஆணையம் அமைத்ததாம். உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்று முடிவு. கல்லின் அடியில் குடும்பம் தன் சொந்த வாசகம் எழுதிக்கொள்ள 66 எழுத்து, இடைவெளியையும் சேர்த்து.

அன்றைக்கு ஒரு காகிதத்தை எடுத்து நானும் எழுதிப் பார்த்தேன். 66 எழுத்தில் என் பையனை எழுத முடியவில்லை. கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் கைப்பிடியை அழுத்திச் சாத்துவான், நான் தூங்குகிறேன் என்று. அதுவே 66ஐத் தாண்டிவிட்டது.

தங்கை, உன் அத்தானைப் பெற்றவள் இருந்தால் அவளையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசம்மா.

ஓய்வு_சிப்பாய்

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஆனால் "போனை எடுப்பதில்லை" என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எடுக்காதவர்களில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள், தங்கச்சி. மறந்ததால் இல்லை. முகத்தைப் பார்க்க முடியாததால். அவன் போனான், நான் இருக்கிறேன். அவன் மனைவி கதவைத் திறந்து என்னைப் பார்க்கும்போது "நீ ஏன் வந்தாய், அவர் ஏன் வரவில்லை" என்று நினைப்பாளோ என்று பயம். குண்டுக்குப் பயந்ததைவிட நான் அந்தக் கதவுக்குப் பயந்திருக்கிறேன்.

என் நண்பன் ஒருவன் என் கண் முன்னால் போனான். அவன் அம்மாவைப் பார்க்க நான் போனது ஆறு வருஷம் கழித்து. என்னென்னவோ கேட்பார்கள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனேன். எப்படி அடிபட்டது, யார் தவறு, ஏன் காப்பாற்றவில்லை. அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசி நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களா, தம்பி?"

"நான் இருந்தேன்மா. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். அந்த அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. ஆறு வருஷமாக அந்த ஒரு வரியை நான் அவரிடம் சேர்க்காமல் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் கேட்கிறேன். அத்தானோடு இருந்த ஒருவருடைய எண்ணையாவது தேடிப் பிடியுங்கள். நீங்களே கூப்பிடுங்கள். "உதவி வேண்டும்" என்று சொல்லாதீர்கள், "அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வாசலைத் திறந்தால் எங்களால் வர முடியும்.

நாலுவயசுல

எனக்கு நான்கு வயதில் அப்பா போனார். இப்போது எனக்கு இருபத்தொன்பது.

நான் வளர்ந்தது ஒரு புகைப்படத்துக்குக் கீழே. பள்ளியில் தப்புச் செய்தால் "உங்க அப்பா யாருன்னு தெரியுமா?" மார்க் குறைந்தால் "உங்க அப்பா யாருன்னு தெரியுமா?" தெரியாது என்பதுதான் உண்மை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சீருடை, பதக்கம், தேதி. அவர் நாட்டுக்காக என்ன செய்தார் என்று ஊரே எனக்குச் சொன்னது, அவர் எப்படிச் சிரிப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் அப்பாவோடு வேலை செய்த ஒரு பெரியவர் தற்செயலாகச் சொன்னார்: "உங்க அப்பாவுக்கு ஊசின்னா பயம்டா. தடுப்பூசி போட வரிசையில் நின்னா ஒவ்வொருத்தரா முன்னால விட்டுட்டு கடைசிக்குப் போயிடுவான்." எனக்கும் ஊசி என்றால் பயம். அன்றுதான் முதல் முறையாக எனக்கு அப்பா இருந்தார்.

அக்கா (கடைசித்தங்கை), உங்கள் அக்கா மகளுக்கு வீரத்தைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நீங்கள் ஊசியைச் சொல்லுங்கள். அவர் எதற்குக் கோபப்படுவார், செருப்பை எப்படிக் கழற்றிப் போடுவார், என்ன பாட்டைத் தப்பாகப் பாடுவார். ஒரு நோட்டு வாங்கி, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெரியவரும் இப்போது இல்லை.

வெளிவாசல்

இந்த இழையில் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. என் தம்பி சண்டையில் சாகவில்லை. திரும்பி வந்து ஒன்றரை வருஷம் கழித்து, தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். எந்த மேடையிலும் அவன் பெயரைச் சொல்வதில்லை. வீட்டிலும் அம்மா "உடம்பு சரியில்லாம போயிட்டான்" என்றுதான் சொல்கிறாள்.

மலைமுகடு

உரிமை உண்டு. உன் தம்பியின் பெயரை நீ இங்கே எழுத வேண்டாம், ஆனால் எங்கள் கணக்கில் அவனும் இருக்கிறான்.

உளநல_ஊழியர்

வெளிவாசல், தயவுசெய்து இங்கிருந்து போய்விடாதீர்கள். அமெரிக்காவில் போனி கேரல் என்பவர் 1992இல் ராணுவ விமான விபத்தில் கணவரை இழந்தார். அதே விபத்தில் துணையை இழந்தவர்களோடு பேசும்போதுதான் தனக்கு மூச்சு வந்தது என்று கண்டு, 1994இல் ராணுவக் குடும்பங்களுக்கான ஒரு துயர உதவி அமைப்பைத் தொடங்கினார். சாவு எப்படி நேர்ந்தது என்று பார்த்து அங்கே வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. தற்கொலையில் போனவர்களின் குடும்பங்களுக்கென்று தனி ஏற்பாடே இருக்கிறது. பறிகொடுத்தவரே இன்னொரு பறிகொடுத்தவருக்குத் துணை என்பதுதான் அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவிலும் 1945இல் ஜெஸ்ஸி வேசி, தளபதியான கணவர் விமான விபத்தில் இறந்த அதே ஆண்டில், போர் விதவைகளைக் கூட்டிச் சங்கம் தொடங்கினார். முதலில் அவர்கள் சேர்ந்து செய்தது நெசவு. கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பதை ஆலோசனை அறையில் நானும் தினமும் பார்க்கிறேன்.

உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்காகவும்தான்.

பேத்தி_87

உடல் கிடைக்காத குடும்பங்களையும் யாராவது பேசுங்களேன். என் பெரியப்பா காணாமல் போனவர். பாட்டி கடைசி வரை அந்த வாடகை வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். கூரை ஒழுகினாலும் மாட்டேன் என்பார். "அவன்கிட்ட இருக்கற விலாசம் இதுதான்" என்பார்.

உளநல_ஊழியர்

தென்கிழக்கு ஆசியப் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், 1970களில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் போனதற்கும் சான்று இல்லை. அவர் சொல்வது, இப்படிப்பட்டவர்களிடம் "ஏற்றுக்கொள்" என்று முடிவைத் திணிக்கக் கூடாது. "ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்" என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாழ உதவ வேண்டும். உங்கள் பாட்டி அதைத்தான் செய்திருக்கிறார்.

நடைமுறைவாதி

எல்லாவற்றையும் படித்தேன். நான் எழுதிய கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். காகித வேலைக்கு யாருக்காவது ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். படிவம் நிரப்ப எனக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை தர முடியும்.

கடைசித்தங்கை

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அத்தானின் யூனிட்டில் இருந்த ஒருவரின் எண் கிடைத்தது. இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஓய்வு சிப்பாய் அண்ணா சொன்ன மாதிரியே ஒரு செய்தி அனுப்பினேன்: "அவரைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்வீர்களா?" நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். முதல் ஐந்து நிமிஷம் அவர் அழுததைத்தான் கேட்டேன். பிறகு சொன்னார். ராத்திரிக் காவலின்போது தூக்கம் வராமல் இருக்க, அத்தான் மகள் பேசக் கற்ற வார்த்தைகளை வரிசையாக ஒப்பிப்பாராம். ஒவ்வொரு போன் காலுக்குப் பிறகும் பட்டியல் நீளுமாம். யூனிட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாம்.

ஸ்பீக்கரில் போட்டு அக்காவையும் குழந்தையையும் கேட்க வைத்தோம். அவர் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தை "மறுபடி சொல்லுங்க மாமா" என்றாள். மூன்று தடவை சொன்னார். அக்கா எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுகிறார்.

வலித்ததா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஏன் யோசித்தாய் என்று கேட்டேன். "எனக்கு முட்டில அடிபட்டா அம்மா ஊதிவிடுவாங்க. அப்பாவுக்கு யார் ஊதினா?" என்றாள். அந்த மாமாவிடமே கேள் என்றேன். கேட்டாள். அவர் கொஞ்சம் நிதானித்து, "நாங்க எல்லாரும் சுத்தி இருந்தோம்டா" என்றார்.

அத்தானின் அம்மாவையும் கூப்பிட்டேன், பெற்றவள் அம்மா. போனில் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வாரம் அவர்களே திருப்பிக் கூப்பிட்டார்கள்.

பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது ஒரு சந்தேகம். அடுத்த மாதம் மூன்றாவது நினைவு நாள். விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அத்தானின் அம்மா கட்டாயம் போக வேண்டும் என்கிறார்கள். அக்கா மேடை ஏறமாட்டேன் என்கிறாள். இருவரையும் எப்படிச் சமாளிப்பது?

மலைமுகடு

சமாளிக்காதே. அவர் அம்மா போகட்டும், கூடத் துணைக்கு நீ போ. அக்கா வீட்டில் இருக்கட்டும். அன்று ஞாயிற்றுக்கிழமையா என்று பார். இல்லையென்றால் அந்தத் தம்பியிடம் அன்றைக்கும் ஒரு தடவை கூப்பிடச் சொல்.

ஓய்வு_சிப்பாய்

சாயங்காலமாகக் கூப்பிடச் சொல்லுங்கள், தங்கச்சி. காலையில் எங்களுக்கும் முடியாது.